யார் கட்டிய முன்பணம்

பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை தூர்தர்ஷனில், பள்ளிக்கூட வயதில். அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று எல்லோரும் பேச்சில்லாமல் பார்த்தோம் என்பது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. இரண்டாம் முறை கல்லூரியில், நல்ல சினிமா என்று யாரோ திரையிட்டபோது. மூன்றாம் முறை 2024 கோடையில். வீட்டுக்கடன் விண்ணப்பத்தின் பதினெட்டுப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு, 'இணை விண்ணப்பதாரர்' என்ற கட்டம் காலியாக இருக்க, கைபேசித் திரையில் பார்த்தேன். அந்த மூன்றாவது பார்வையிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

1988இல் வெளிவந்த படம். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை வாங்கிக் கொடுத்தது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலைக்குப் போகும் சுதா, அவள் தங்கை, ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியாரான தாத்தா. வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். கட்டுப்படியாகிற வாடகைக்கு வேறு வீடு அமையவில்லை. அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், சொந்தமாகக் கட்டிவிடேன் என்கிறார். வளசரவாக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு மனைகள் இருக்கின்றன. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டத் தொடங்குகிறாள். எதிர்பார்த்த கடன் முழுதாகக் கிடைக்கவில்லை. ஒப்பந்தக்காரர் சிமென்ட்டைத் திருடுகிறார். மழை வருகிறது. பணம் கேட்ட இடத்தில் மேலதிகாரி உடம்பைக் கேட்கிறார். கடைசியில் அந்த மனையையே குடிநீர் வாரியம் எப்போதோ கையகப்படுத்திவிட்டது என்று தெரியவருகிறது.

நடுத்தர வர்க்கத்தின் கனவு சிதைவதைச் சொன்ன படம் என்று முப்பத்தைந்து வருடங்களாக எழுதுகிறோம். நானும் கல்லூரிக் காலத்தில் அப்படித்தான் ஒரு கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கினேன். இந்த முறை என் கண் போனது வேறிடத்தில். சுதாவிடம் முன்பணம் எப்படி வந்தது?

விற்பதற்கு ஒரு மனை இருந்ததால் வந்தது. அந்த மனை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததற்குக் காரணம், திரைக்கதை அவளுக்கு ஓர் அண்ணனைத் தரவில்லை. திரையில் அப்பாவும் இல்லை, சகோதரனும் இல்லை. வயதான தாத்தாவும் படிக்கும் தங்கையும் மட்டும். அவளுக்கு ஒரு அண்ணன் இருந்து, இரண்டு மனையில் ஒன்று அவனுக்கும் மற்றொன்று அவள் கல்யாணச் செலவுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தால் இந்தப் படம் முதல் ரீலிலேயே நின்றிருக்கும். அரசு அலுவலகமும் ஒப்பந்தக்காரரும் மழையும் எப்படி வீட்டைத் தின்கின்றன என்பதைக் காட்ட, குடும்பம் எப்படித் தின்னும் என்பதை இயக்குநர் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு படம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பெண் வீடு வாங்கும் கதையை அண்ணன் இல்லாமல் சொல்வது, கும்பகோணத்துக் கதையைக் காவிரி இல்லாமல் சொல்வது மாதிரி.

எனக்கு அண்ணன் உண்டு. நல்லவன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

2010இல் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அவர் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சமபங்கு. இந்தப் பங்கு ஏதோ இப்போது வந்த புதுச் சலுகை அல்ல. தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குப் பங்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே திருத்தம் கொண்டுவந்தது, அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்கு மட்டும். ஆனால் 1956 சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரிக்க முன்வரும்வரை, மகள் பிரித்துக் கேட்க முடியாது. நிலத்தைக் கேள், நகையைக் கேள், வீட்டை மட்டும் கேட்காதே. 2005 திருத்தத்தில்தான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரு வாக்கியம் புத்தகத்திலிருந்து போய்விட்டது. எங்கள் கூடத்திலிருந்து போகவில்லை.

2011இல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை. "நாளைக்கு நீ வேற வீட்டுக்குப் போறவ. அவன் பேர்ல இருந்தா எனக்கும் ஒரு நிழல்" என்று அம்மா சொன்னாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு எதிர்க் கடையில் மூவரும் காப்பி குடித்தோம். சம்மதத்தோடுதான் தருகிறேனா என்று அங்கே கேட்டார்கள். ஆமாம் என்றேன். அந்த ஆமாம் எனக்கே உண்மையாகத்தான் இருந்தது. எங்கள் வீடுகளில் பெண்ணின் சொத்து கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான், சண்டையில்லாமல், காப்பியோடு.

பதிமூன்று வருடம் கழித்து, கல்யாணம் ஆகாத நாற்பது வயதுத் தனியார் கல்லூரி ஆசிரியையாக, தாம்பரத்துக்கு அப்பால் 620 சதுர அடியில் ஒரு பழைய அடுக்ககக் குடியிருப்பை விலைபேசினேன். 28 லட்சம். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது மின்கம்பத்தில் கட்டியிருந்த ஒரு தட்டி. 'முன்பணம் இல்லாமல் சொந்த வீடு'. மஞ்சள் பின்னணியில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், தலைக்கு மேல் கூரை மாதிரி வளைந்த கோடு. மனைவி சாவியைப் பார்க்கிறாள், கணவன் நம்மைப் பார்க்கிறான்.

முன்பணம் இல்லாமல் இந்தியாவில் எந்த வங்கியும் வீட்டுக்கடன் தர முடியாது. ரிசர்வ் வங்கியின் விதி தெளிவானது. 30 லட்சம் வரையான கடனென்றால் வீட்டின் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம். 30 முதல் 75 லட்சம் வரை 80. அதற்கு மேல் 75. மிச்சம் வாங்குபவர் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத்தாள் செலவையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் மதிப்போடு சேர்க்கவும் கூடாது, பத்து லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டில் ஒரு பழைய வீட்டுக்கு அந்த இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். என் கணக்கு இப்படி வந்தது. விலை 28 லட்சம். கட்டடம் பழசு என்று வங்கியின் மதிப்பீட்டாளர் 25 லட்சம் போட்டார். அதில் 90 சதவீதம், 22.5 லட்சம் கடன். துண்டு விழுந்தது ஐந்தரை லட்சம். பதிவுக்கு இரண்டரை. தரகு, வக்கீல் கருத்து, வங்கியின் செயலாக்கக் கட்டணம் எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம். பூஜ்யம் என்று தட்டி சொன்ன எண் இதுதான்.

"அதெல்லாம் சரி பண்ணிக்கலாம் மேடம்" என்றார் தரகர். ஒப்பந்தத்தில் 34 லட்சம் என்று ஏற்றிப் போடுவது, வேறு மதிப்பீட்டாளரைப் பிடிப்பது, கூடுதலாக வரும் கடனை விற்பவரிடமிருந்து ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்வது. அது நடக்காவிட்டால் தனிநபர் கடன் ஒன்று, கூடுதல் வட்டிக்கு. வங்கியிடம் பொய் சொல்லி, இல்லாத மதிப்புக்கு இருபது வருடம் வட்டி கட்டுவதுதான் அந்த இனாம். புதுக் கட்டடங்களில் இன்னொரு வகை இருந்தது. சாவி தரும்வரை தவணையை நாங்களே கட்டுகிறோம் என்று கட்டுநர் சொல்வார், கடன் மட்டும் உங்கள் பேரில் முதல் நாளே முழுதாக வெளியேறிவிடும். கட்டட வளர்ச்சிக்கேற்பத்தான் பணம் விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013இல் வங்கிகளுக்குச் சொன்னது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு 2019இல் தேசிய வீட்டுவசதி வங்கி சொல்ல வேண்டியிருந்தது. கட்டுநர் கையை விரித்தால் கடன்காரர், இல்லாத வீட்டுக்குத் தவணையும் இருக்கிற வீட்டுக்கு வாடகையும் கட்ட வேண்டும்.

இந்த மோசடிகள் பற்றிப் பொருளாதாரப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. எனக்கு அதைவிட அந்தத் தட்டியில் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்தான் முக்கியம். அவளிடம் முன்பணம் கேட்கப்படவில்லை என்றா நினைக்கிறீர்கள்?

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் கதையை அவர் அனுமதியோடு சொல்கிறேன். 2016இல் கணவரும் அவரும் 52 லட்சத்துக்கு வீடு வாங்கினார்கள். வங்கி 80 சதவீதம் தந்தது. மிச்சம் பத்து லட்சத்துச் சொச்சம். தோழியின் முப்பது சவரன், அன்றைய விலைக்கு ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக விலைபோனது. அவர் அப்பா மூன்று லட்சம் தந்தார். 'கையிலிருந்து போட்டது' என்று அந்தக் குடும்பத்தில் இன்றும் சொல்கிறார்கள், யார் கை, யார் கழுத்து என்று சொல்வதில்லை. கணவரின் சம்பளம் மட்டும் அந்தக் கடனுக்குப் போதாது என்பதால் தோழி இணை விண்ணப்பதாரர். தவணை அவர் சம்பளக் கணக்கிலிருந்து பிடிக்கப்படுகிறது. பத்திரம் கணவர் பேரில்.

அதெப்படி என்று கேட்டேன். அப்படித்தான். பத்திரத்தில் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் கடனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கிகள் வற்புறுத்தும். கடனில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோருக்கும் பத்திரத்தில் பெயர் இருக்கிறதா என்று எந்த வங்கியும் கவலைப்படாது. கடனுக்குப் பொறுப்பாளி, வீட்டுக்கு விருந்தாளி. உரிமையாளர் இல்லை என்பதால் வட்டிக்கான வருமான வரிச் சலுகைகூடத் தோழிக்குக் கிடையாது. எட்டு வருடம் கழித்து அவர்கள் பிரிந்தபோது, தவணை தவறியதற்கான அறிவிப்பு வங்கியிலிருந்து தோழி பேருக்கும் வந்தது. திருமண காலத்தில் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்ற சட்டம், கோவாவைத் தவிர, இந்த நாட்டில் இல்லை. நகை விற்ற ரசீதைத் தேடினார். ரசீது கணவர் பேரில் போடப்பட்டிருந்தது. கடையில் அவர்தான் நின்று பேசியிருக்கிறார்.

இப்போது என் விண்ணப்பத்தின் காலிக் கட்டத்துக்கு வருகிறேன். என் சம்பளத்துக்கு 22.5 லட்சம் தாராளமாகத் தகுதி. மாதத் தவணை 19,500 சொச்சம். ஆனாலும் கடன் பிரிவில் இருந்தவர், "ஒரு ஜென்ட்ஸ் கோ-அப்ளிகன்ட் இருந்தா ஈஸியா போயிடும் மேடம்" என்றார். என்னைவிட வயதில் சிறியவர், மரியாதையாகத்தான் பேசினார். "நாளைக்கே உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னா யார் கட்டுவாங்கன்னு மேல கேப்பாங்க." கல்யாணமான பெண்ணின் சம்பளம் கணவனின் கடனுக்குத் தகுதி, தனிப் பெண்ணின் சம்பளம் அவள் கடனுக்கே சந்தேகம். பெண்களுக்கென்று 0.05 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது என்பதையும் அவரே சந்தோஷமாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கடனுக்கு அது மாதம் எழுபது ரூபாய். முகூர்த்த நாளில் ஒரு முழம் மல்லிகைகூட வராது.

அண்ணனிடம் கேட்டேன். "தாராளமாப் போடறேன்" என்றான். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில், "கோ-அப்ளிகன்ட்டுன்னா பத்திரத்துலயும் என் பேர் வந்துடும்ல?" என்றான். பேராசை இல்லை அவன் குரலில். கையெழுத்துப் போட்டால் பெயர் இருக்கும் என்பது அவனுக்கு இயல்பு. தோழி எட்டு வருடமாகக் கேட்காத கேள்வியை அவன் இரண்டு நாளில் கேட்டுவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் பொறாமைதான் வந்தது. 2011இல் நான் ஏன் அப்படிக் கேட்கவில்லை என்று.

"வேணாம்ணே, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த இரவுதான் 'வீடு' படத்தை மூன்றாம் முறை பார்த்தது.

படத்தில் எல்லோரும் கொண்டாடும் காட்சி ஒன்று உண்டு. தாத்தா, சொக்கலிங்க பாகவதர், தனியே கிளம்பிப்போய்ப் பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கிறார். வார்த்தையே இல்லாமல் அந்த முகத்தில் வரும் மகிழ்ச்சி தமிழ் சினிமாவின் பெரிய கணங்களில் ஒன்று. இந்த முறையும் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டால் கிடைக்கும் முழு மகிழ்ச்சியை இயக்குநர் சுதாவுக்குத் தரவில்லை, தாத்தாவுக்குத் தருகிறார். சுதாவுக்குச் சிமென்ட் கணக்கும் வரிசையும் மேலதிகாரியும். கட்டும் பெண்ணுக்குக் கவலை, பார்க்கும் ஆணுக்குப் பரவசம். சுதா தனியாக அந்த வீட்டில் ஒரு மாலை சும்மா நின்றிருக்கக் கூடாதா? இங்கே சன்னல், இங்கே என் கட்டில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாதா? சிறுவயதில் தன் அம்மா வீடு கட்டியபோது அவள் மாறிப்போனதைப் பார்த்ததே இந்தப் படத்தின் வித்து என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். அம்மாவின் சிரிப்பு போனதை மகன் கண்டிருக்கிறார். அதை நேர்மையாக எடுத்திருக்கிறார். ஆனால் சிரிப்பைத் தொலைத்தும் அவள் ஏன் கட்டினாள் என்பதற்குள் கேமரா போகவில்லை.

மங்கம்மா வேறு இருக்கிறாள். ஒப்பந்தக்காரரின் திருட்டைக் காட்டிக்கொடுத்து, அவர் விட்டுப்போன வேலையை எடுத்துச் செய்ய சுதாவுக்குத் தைரியம் சொல்பவள். கட்டட வேலையில் ஆண் சித்தாளாக வந்து கொத்தனார் ஆவான், பெண் சித்தாளாக வந்து சித்தாளாகவே கிழவியாவாள். மங்கம்மா எங்கே குடியிருக்கிறாள் என்பது படத்தின் கேள்வி அல்ல. என்னுடைய கேள்வியாகவும் முதல் இரண்டு பார்வையில் இருக்கவில்லை. வங்கி, விற்க மனையோ சம்பளச் சீட்டோ உள்ள பெண்ணைப் பற்றித்தான் யோசிக்கும், நானும் அப்படியே யோசித்திருக்கிறேன்.

பெண்ணுக்கு ஒரு தனியறை வேண்டும் என்று எழுதிய வர்ஜீனியா வுல்ஃபை நாம் மேற்கோள் காட்டாத கூட்டம் இல்லை. அறையோடு வருடத்துக்கு ஐந்நூறு பவுண்டும் வேண்டும் என்று 1929இல் அவர் எழுதியதும் தெரியும். அந்த ஐந்நூறு பவுண்டு எங்கிருந்து வந்தது? அந்த நூலில் பேசும் பெண்ணுக்கு ஓர் அத்தை உயில் எழுதி வைத்திருக்கிறாள். காற்று வாங்கக் குதிரையில் போனபோது தவறி விழுந்து இறந்த அத்தை. எங்கே? பம்பாயில். அந்த அறையின் முன்பணம் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு வந்தது என்று மகிழ்வதா, அந்தப் பம்பாய்ப் பணம் யார் உழைப்பு என்று கேட்பதா? இரண்டையும் செய்யலாம். வுல்ஃப் ஒன்றை மறைக்கவில்லை, அதற்காக எனக்கு அவரைப் பிடிக்கும். சுதந்திரத்துக்குக் கீழே ஒரு தொகை இருக்கிறது, அது யாரோ கொடுத்தது என்று எண்ணைப் போட்டே எழுதிவிட்டார். நம் தன்னம்பிக்கைக் கட்டுரைகளில் 'தனியொருத்தியாக வீடு வாங்கிய' பெண்கள் அந்த எண்ணை எழுதுவதில்லை. அதனால் என்னுடையதை எழுதுகிறேன்.

என் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்தது பதினான்கு சவரன். பத்து வயதிலிருந்து எனக்குத் தெரிந்து சீட்டுக் கட்டி, அரைச் சவரன் ஒரு சவரனாக வாங்கியது. கல்யாணம் நடக்கவில்லை, நகை பெட்டகத்தில் இருந்தது. அடகு வைத்தால் மதிப்பில் முக்கால் பங்குதான் கிடைக்கும், அதற்கும் வட்டி. விற்பது என்று முடிவானது. அந்த வருடம் சவரன் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அம்மா ஊரிலிருந்து வந்தாள். கடையில் கல் எடை, அழுக்கு, தேய்மானம் என்று கழித்து 6 லட்சத்து 90 ஆயிரம் போட்டார்கள். ரசீது யார் பேரில் என்று கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். "அவ பேர்ல போடுங்க" என்றாள். என் சேமிப்பு ஒன்றரை லட்சம் சொச்சத்தோடு எட்டரை ஆனது.

என் சம்பளம், என் உழைப்பு என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. முன்பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு, சம்பளமே இல்லாத ஒருத்தி வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது. என்னை வேறு வீட்டுக்கு அனுப்பச் சேர்த்த பணம். 2011இல் விடுதலைப் பத்திரத்துக்கு என்னைக் கூட்டிப்போனவளும் அவள்தான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. கடையை விட்டு வெளியே வந்ததும் அம்மா, "உங்கப்பா வீட்டுல உன் பங்குக்கு இது ஈடாகாது, தெரியும்" என்றாள். பிறகு பேருந்து வரும்வரை இருவரும் வேறு ஏதோ பேசினோம்.

முதல் கிளை இழுத்தடித்தது. வேறு கிளையில், காலிக் கட்டத்தைக் காலியாகவே விட்டுக் கடன் வாங்க நான்கு மாதம் ஆனது. பொறுத்துக்கொண்டதற்காக விற்பவர் கூடுதலாக இருபதாயிரம் கேட்டார், கொடுத்தேன். 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பேரில் பதியும் பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது தமிழக அரசு. என் வீட்டுக்குப் பொருந்தாது, காலமும் முந்திவிட்டது. ஆனால் மங்கம்மாவுக்கு ஒரு துண்டு மனைக்குப் பொருந்தும், அவள் கையில் அந்தப் பத்து லட்சத்தின் முன்பணம் இருந்தால்.

தோழி போன மாதம் வந்திருந்தார். வழக்கு நடக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து பிடித்த தொண்ணூற்றுச் சொச்சத் தவணைகளின் பட்டியலை ஒரு நீலக் கோப்பில் வைத்திருக்கிறார். என் பத்திரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதன் அசல் வங்கியில் இருக்கிறது, இது நகல்தான். முதல் பக்கத்தில் வாங்குபவர் பெயர் வரும் வரியில் விரலை வைத்துப் படித்தார். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டி, நான்கு எல்லைகளையும் வாய்விட்டுப் படித்தார். வடக்கே படிக்கட்டு, கிழக்கே காலிமனை.